மலையடிவாரத்தில் ஏழு நாள்: புளியஞ்சோலைச் சேவை முகாமுக்கு ஆயத்தமாவது எப்படி?

இந்த அத்தியாயம் கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கும் புளியஞ்சோலையில் சேவை முகாம் நடத்தப்போகும் மாணவர்களுக்காக எழுதப்பட்டது. உங்களில் பெரும்பாலோர் நாட்டு நலப்பணித் திட்டத் தொண்டர்களாக இருப்பீர்கள். சிலர் வேறு மாநிலத்திலிருந்தோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்தோ வந்து உள்ளூர்க் கல்லூரியோடு சேர்ந்துகொள்வீர்கள். எங்கிருந்து வந்தாலும் ஒன்றை மனத்தில் வையுங்கள். முகாம் நன்றாக அமையுமா என்பது முகாமுக்கு முந்தைய மூன்று மாதங்களிலேயே முடிவாகிவிடுகிறது. ஊர் கேட்டதைச் செய்யவும், நீங்கள் கிளம்பிய பிறகு ஊரார் தொடரக்கூடியதை மட்டும் தொடங்கவும் உங்களைப் பழக்கிக்கொள்வதே ஆயத்தம். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. ஒரு தொண்டர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் கலந்துகொள்ள வேண்டும். நூறு பேர் கொண்ட ஓர் அணியிலிருந்து ஐம்பது பேர் முகாமுக்குப் போவது வழக்கம். ஒரு சிற்றூருக்குள் ஒரே நாளில் ஐம்பது பேர் இறங்குகிறார்கள் என்றால் அவர்களுக்குத் தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு, படுக்கை எல்லாம் வேண்டும். அந்தச் சுமை ஊரார் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் நீங்கள் செய்யும் முதல் சேவை.

1. இடத்தை அறிந்துகொள்ளுங்கள்

புளியஞ்சோலை திருச்சி மாவட்டம் துறையூர் வட்டத்தில், உப்பிலியபுரம் ஒன்றியத்தில் இருக்கிறது. திருச்சியிலிருந்து சுமார் 70 கி.மீ. துறையூர் வரை பேருந்துக்குக் குறைவில்லை. அங்கிருந்து அடிவாரத்துக்கு வண்டி எப்போது என்பதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். மலை மேலிருந்து ஆகாய கங்கையாக விழும் அய்யாறு, பாறைகளுக்கிடையே இறங்கி வந்து இங்கேதான் சமவெளியைத் தொடுகிறது. விடுமுறை நாள்களிலும் ஆடிப்பெருக்கின்போதும் குளிக்க வரும் கூட்டம் பெரிது.

அடிவாரம் திருச்சி மாவட்டம் என்றால், மேலே இருக்கும் கொல்லிமலை நாமக்கல் மாவட்டம். வட்டத் தலைமையிடம் செம்மேடு. புளியஞ்சோலையிலிருந்து மேலே அறப்பளீசுவரர் கோயில் பக்கம் ஏறிப்போகும் பழைய நடைபாதை ஒன்று உண்டு. செங்குத்தான, பல மணி நேர ஏற்றம். சாலை வழியாகப் போவதானால் மலையைச் சுற்றி நாமக்கல் பக்கம் போய், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். வரைபடத்தில் கைக்கெட்டும் தூரமாகத் தெரியும் மலையூர், நோயாளியைத் தூக்கி வருபவருக்கு எவ்வளவு தொலைவு என்பதை இந்த இரண்டு வழிகளும் சொல்லிவிடும்.

மலை மேலே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர், தாய்மொழி தமிழ். அங்குள்ள ஊராட்சிகள் 14; வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்று ஒவ்வொன்றும் 'நாடு' என்றே பெயர் பெற்றிருக்கிறது. சாமை, தினை, கேழ்வரகு பரவலாக விளைந்த மலை இது. கடந்த சில பத்தாண்டுகளில் அந்த நிலங்களில் பெரும்பகுதிக்கு மரவள்ளி வந்துவிட்டது. கீழே ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கைக் காசு கொடுத்து வாங்கின. சாமைக்கோ உரலில் இட்டு உமி நீக்கும் கடும் வேலை பெண்கள் தலையில் விழுந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களை மீட்கும் பணியில் ஈடுபட்டிருக்கிறது. உமி நீக்கும் எந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்து வைத்தது அந்தப் பணியில் முக்கியமான ஒன்று. 'பாரம்பரிய உணவைக் கைவிட்டுவிட்டீர்களே' என்று மேடையில் பேசுவதற்கு முன், அந்தச் சாமையை இடித்துத் தந்தது யார் என்று விசாரித்துவிடுங்கள்.

2. உங்களுக்கு முன் வந்தவர்கள்

கொல்லிமலைக்குச் சேவை செய்ய வெளியூரார் வருவது புதிதல்ல. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி முதல் உலகப் போருக்குச் சற்று முன் இந்த மலையில் குடியேறினார்கள். அப்போது வண்டிச் சாலை கிடையாது; மலைக்காய்ச்சலுக்குப் பேர்போன இடம். கிறித்தவ மிஷனரிகளாக வந்தவர்கள் தமிழ் கற்றுக்கொண்டு மருத்துவமும் பள்ளியும் தொழிற்பயிற்சியும் நடத்தினார்கள். 1914இல் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்ட் சிறு வயதில் இந்த மலையில் வளர்ந்தவர். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் இயங்கவைத்த மருத்துவர் அவர்தான்.

ஜெஸ்ஸி பிராண்டிடம் வந்த நோயாளிகளில் பலர் நரம்புச் சிலந்தியால் அவதிப்பட்டவர்கள். காலில் கொப்புளம் உடைந்து நூல்போல ஒரு புழு வெளியே தலைகாட்டும். அதைச் சிறு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அந்தக் காலோடு படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்ளும்போது புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு அடுத்த ஆண்டு அதே நோய். பிராண்ட் புழுவை இழுத்து எடுப்பதோடு நின்றுவிடவில்லை. கிணற்றுத் தண்ணீரில் யாரும் கால் வைக்க முடியாதபடி சுற்றிலும் கல்சுவர் எழுப்பவும், நீரில் மீன் விடவும் ஊராரை ஊக்கினார். பிற்காலத்தில் இந்தியா முழுவதும் இதே வழியில்தான் நோய் ஒழிந்தது: படிக்கிணறுகளை மாற்றினார்கள், குடிநீரைத் துணியில் வடிகட்டக் கற்றுக்கொடுத்தார்கள். 1996இல் கடைசி நோயாளி. 2000இல் நாடு நோயற்றதாக அறிவிக்கப்பட்டது.

ஜெஸ்ஸி 1929இல் மலைக்காய்ச்சலின் கொடிய வகையொன்றால் இறந்தார். ஈவ்லின் ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பாமல் இந்த மலைகளிலேயே வேலை செய்து, 1974இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார்.

இந்த வரலாற்றிலிருந்து முகாம் மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. காலில் இருக்கும் புழுவைப் பார்க்கும்போது கிணற்றையும் பாருங்கள். அடுத்தது காலம்: அவர்கள் தந்தது பல பத்தாண்டுகள், நீங்கள் தருவது ஏழு நாள். 1968இல் மெக்சிகோ கிராமங்களுக்குச் சேவை செய்யக் கிளம்பிய வட அமெரிக்க மாணவர்கள் முன் பேசிய சிந்தனையாளர் இவான் இல்லிச், பார்க்கவும் படிக்கவும் வாருங்கள், உதவுவதற்கென்று வராதீர்கள் என்ற பொருளில் கடுமையாகச் சொன்னார். மொழி தெரியாத இடத்தில் சில வாரம் தங்கிவிட்டு நன்மை செய்ததாக நினைத்துக்கொள்வது அந்த மக்களைச் சிறுமைப்படுத்துவது என்பது அவர் வாதம். அந்த எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். ஆனால் நம் நிலையில் ஒரு வேறுபாடு இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு ஊரார் பேசும் மொழி தெரியும். கல்லூரி அதே மாவட்டத்திலோ பக்கத்து மாவட்டத்திலோ இருக்கிறது. ஆண்டுதோறும் திரும்பிவர முடியும். தத்தெடுத்த கிராமத்துக்கே தொடர்ந்து செல்லும் வழக்கமும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் உண்டு. தனித்து நிற்கும் ஏழு நாள் வீண். ஐந்தாண்டுத் தொடர்ச்சியில் ஒரு கண்ணியாக அமையும் ஏழு நாளுக்கு மதிப்பு உண்டு.

3. முதல் பயணம்: கேட்பதற்கு மட்டும்

முகாம் மாசியில் என்றால், முதல் பயணத்தை மார்கழி, தை மாதங்களில் வையுங்கள். நான்கைந்து மாணவர்களும் அணிக்குப் பொறுப்பான திட்ட அலுவலரும் போதும். பெண்கள் பாதிக்குக் குறையக்கூடாது. பேனர், பரிசுப்பொருள், கேமரா எதுவும் வேண்டாம். ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். அனுமதி கேட்டுக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்து கேளுங்கள். ஊரார் எதற்குக் குரல் உயர்த்துகிறார்கள், எந்தப் பிரச்சினை திரும்பத் திரும்ப வருகிறது, யார் பேசாமலே எழுந்து போகிறார்கள் என்று கவனித்தால், ஒரு வாரக் கணக்கெடுப்பில் கிடைக்காதது கிடைக்கும்.

அதன்பின் வீடுவீடாகப் போங்கள். இப்படி ஒரு பேச்சுக்குத் தயாராக இருங்கள்:

"அக்கா, நாங்க திருச்சியிலருந்து வர்ற காலேஜ் புள்ளைங்க. மாசி மாசம் இங்க ஏழு நாள் முகாம் போடலாம்னு இருக்கோம். அதுக்கு முன்னாடி உங்களையெல்லாம் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

"கேளு கண்ணு. போன வருசமும் யாரோ வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. அப்புறம் ஒரு சேதியும் இல்ல."

இங்கே உடனே உங்கள் திட்டத்தை விளக்க ஆரம்பித்துவிடாதீர்கள். "அவங்க என்ன எழுதினாங்கக்கா? அதுல எது இன்னும் நடக்காம இருக்கு?" என்று கேளுங்கள். பழைய பாக்கியைக் கேட்பவரிடம்தான் ஊர் மனம் திறந்து பேசும்.

பெரியவர்களிடம் ஐயா, ஆயா, அக்கா, அண்ணே என்று முறை சொல்லிப் பேசுங்கள். சாதி, கடன், குடி பற்றிய கேள்விகளை முதல் நாளில் எடுக்காதீர்கள். நிலப்பட்டா, வன உரிமை போன்றவை பற்றி ஊரார் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கித் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கேட்டவற்றைத் திரும்பி வந்ததும் ஒரே பக்கத்தில் எழுதி, அதை ஊராட்சிச் செயலரிடமும் மகளிர் சுய உதவிக் குழுவிடமும் படித்துக்காட்டி, விட்டுப்போனது உண்டா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

4. வேலையைத் தேர்ந்தெடுத்தல்

ஊர் சொன்ன தேவைகளில் எதை எடுப்பது? ஒவ்வொன்றையும் இந்த ஐந்து கேள்விகளில் போட்டுப் பாருங்கள்.

1. ஊரார் தாமாகக் கேட்டதா, நாம் கேட்கவைத்ததா?
2. ஏழு நாளில் முடியுமா? முடியாவிட்டால் எட்டாம் நாள் யார் கையில் எடுப்பார்?
3. ஊரில் யாருடைய கூலியையாவது கெடுக்குமா? ஊரார் 'நூறு நாள் வேலை' என்று சொல்லும் திட்டத்தில் கிடைக்க வேண்டிய ஏரி, வாய்க்கால் வேலையை நாம் இலவசமாகச் செய்தால் அவர்கள் கூலியில் கைவைக்கிறோம்.
4. நமக்கு அதற்கான திறமை இருக்கிறதா?
5. பராமரிப்புச் செலவு யாருடையது?

*மரக்கன்று நடுதல்.* மாசியில் நட்ட கன்று பங்குனி, சித்திரை வெயிலைத் தனியாகத் தாங்காது. கன்று நட ஏற்றது ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். முகாம் மாசியில்தான் என்றால் அப்போது குழி எடுக்கும் இடத்தை ஊராரோடு குறித்து, வேலி போட்டு, தண்ணீர் ஊற்றப்போகும் வீட்டை முடிவு செய்யுங்கள். நடுவதை மழைக்காலப் பயணத்தில் வைத்துக்கொள்ளலாம். புங்கன், நாவல், இலுப்பை, புளி போன்றவை இந்தப் பக்கத்து மண்ணுக்குப் பழகியவை.

*ஆற்றைச் சுத்தம் செய்தல்.* புளியஞ்சோலையில் இதற்கு எப்போதும் வேலை இருக்கும். பாறை இடுக்குகளில் உடைந்த மதுப்புட்டித் துண்டுகள், மணலில் பாதி புதைந்த ஷாம்பு உறைகள், வேர்களில் சுற்றிக்கொண்ட பழைய துணிகள் கிடக்கும். கண்ணாடித் துண்டு தண்ணீருக்குள் தெரியாது, கையால் துழாவக்கூடாது. கெட்டியான ரப்பர் கையுறை, இடுக்கி, தடித்த அடிப்பகுதி உள்ள காலணி, கண்ணாடிக்கென்று இரட்டைச் சிமென்ட் சாக்கு ஆகியவை கட்டாயம். பொறுக்குவதற்கு முன்பே, சேர்ந்த குப்பை எங்கே போகும், எந்த வண்டியில் போகும் என்று ஊராட்சியோடு பேசி முடியுங்கள். அது முடிவாகாமல் சாக்குகளைக் கரையில் அடுக்கிவிட்டு வந்தால், அடுத்த வெள்ளத்தில் எல்லாம் மறுபடி ஆற்றுக்குள் இருக்கும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆற்றோரக் கடைக்காரர்களோடு உட்கார்ந்து, எதற்கு மாற்று இல்லாமல் அவர்கள் திணறுகிறார்கள் என்று பேசுவது நரம்புச் சிலந்திக்குக் கிணற்றைச் சரிசெய்வது போன்ற வேலை.

*மருத்துவ முகாம்.* பரிசோதிப்பதும் மருந்து கொடுப்பதும் பதிவு பெற்ற மருத்துவரின் வேலை. மாணவர்கள் பெயர் பதியலாம், முதியோரை அழைத்து வரலாம், வரிசையை ஒழுங்குபடுத்தலாம். அதைவிடப் பெரிய வேலை பிறகு வருகிறது: இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பதாக முகாமில் தெரிந்தவர், மருந்து தொடர்ந்து கிடைக்கும் இடத்தோடு சேர்க்கப்பட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் களப்பணியாளர் அந்தப் பகுதியில் யார் என்று அறிந்து, நோயாளியின் ஒப்புதலோடு பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள்.

*பள்ளிக்கூடம்.* ஏழு நாள் பாடம் நடத்துவதால் ஆசிரியரின் பாட ஓட்டம் தடைப்படும். மாலையில் வாசிப்பு, அறிவியல் சோதனை, விளையாட்டு வைத்துக்கொள்ளுங்கள். உயர்கல்விக்கு விண்ணப்பிப்பது, உதவித்தொகை, விடுதி பற்றி பிளஸ் 2 மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்லுங்கள். இதை உங்களைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை. நேற்றுத்தான் நீங்களே அந்த வழியில் வந்தவர்கள்.

5. அனுமதிகள்

எழுத்து வடிவில் கைக்கு வர வேண்டியவை:

- கல்லூரி முதல்வர், பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளர் ஒப்புதல்.
- ஊராட்சித் தலைவர் அல்லது பொறுப்பிலுள்ள தனி அலுவலரின் சம்மதம். வட்டார வளர்ச்சி அலுவலருக்குத் தகவல்.
- பள்ளியில் தங்குவதானால் தலைமையாசிரியர், கல்வித் துறை அனுமதி.
- காவல் நிலையத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பெயர்ப் பட்டியல், தேதி, பொறுப்பாளர் தொலைபேசி எண்.
- காப்புக்காட்டுக்குள் கால் வைப்பதானால் வனத்துறை அனுமதி. மலை மேல் ஏறுவதானால் மாவட்டம் மாறுகிறது. இரு பக்கத்து வனத்துறையிடமும் கேட்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைச் சடங்காக நினைக்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலும் இளைஞர்கள். மாசி முதல் வைகாசி வரை காட்டில் சருகு காய்ந்து கிடக்கும். முகாமில் எந்த இரவிலும் தீமூட்டி ஆடிப்பாட வேண்டாம். சமையல் அடுப்பு காட்டோரத்தில் வேண்டாம்.

6. உயிர்ப் பாதுகாப்பு

*ஆறு.* கீழே வெயில் காயும்போதே மேலே மழை பெய்திருக்கும். தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், ஓசை கனத்தால், அந்தக் கணமே கரையேறுங்கள். பையையும் செருப்பையும் எடுக்கத் திரும்பாதீர்கள். மழைக்கால முகாமில் ஆற்றில் இறங்குவதே வேண்டாம். மற்ற நாள்களில் ஊர்க்காரர் காட்டும் இடத்தில், பொறுப்பாளர் கரையில் நிற்க, இருவர் இருவராக இறங்குங்கள். பாறையிலிருந்து குதிக்கக்கூடாது.

*பாம்பு.* தரையில் படுப்பவரை இரவில் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம். கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகித் தூங்குங்கள். இரவில் டார்ச் இல்லாமல் வெளியே போகாதீர்கள். கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். துறையூர் அரசு மருத்துவமனையில் மருந்து இருப்பில் உள்ளதா என்பதை முகாமுக்கு முன்பே கேட்டு எழுதி வையுங்கள். வலி இல்லை என்பதற்காக யாரும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

*உண்ணிக்காய்ச்சல்.* புதர் மண்டிய இடத்தில் வேலை செய்தபின் ஒன்றிரண்டு வாரத்தில் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று விடாதீர்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் கறுத்த சிறு பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். காட்டோரத்தில் முகாமிட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தக்க மருந்து உண்டு, தாமதம்தான் ஆபத்து. முழுக்கைச் சட்டை அணிவதும், வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றுவதும் நல்ல காப்பு.

*நாய், குரங்கு.* கடித்தாலோ பிறாண்டினாலோ புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போங்கள். குரங்குக்குத் தின்னக் கொடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு மாணவரின் இரத்த வகை, ஒவ்வாமை, தொடர்ந்து சாப்பிடும் மருந்து, பெற்றோர் எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி இரண்டு படி எடுங்கள். மலையோரத்தில் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் அதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கும் ஏற்ற வேலை முகாமில் நிறைய உண்டு.

7. தங்குதலும் சாப்பாடும் மூட்டையும்

கழிப்பறையும் தண்ணீரும் போதுமா என்று எண்ணிப் பார்த்த பிறகே எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். போதாதென்றால் முப்பது பேரோடு போங்கள். ஊர்த் தொட்டியில் தண்ணீர் குறையும் காலமென்றால் லாரித் தண்ணீருக்கு வரவு செலவில் இடம் ஒதுக்குங்கள். பெண்கள் தங்குமிடத்துக்கு உள்தாழ்ப்பாள், விளக்கு, மாதவிடாய்க் கழிவுக்கு மூடியுள்ள வாளி, பொறுப்பாகப் பெண் பேராசிரியர் எல்லாம் இருக்க வேண்டும்.

சமையலை ஊர் மகளிர் குழுவிடம் கூலி பேசிக் கொடுப்பது நல்லது. அரிசி, பருப்பு நீங்கள் வாங்கிக் கொடுத்தாலும், காய், வாழைப்பழம், சாமை ஆகியவற்றை ஊரிலேயே சந்தை விலைக்கு வாங்குங்கள். விருந்துக்கு அழைத்தால் இருவர் மூவராகப் போய்ச் சாப்பிடுங்கள். ஐம்பது பேர் ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது.

ஒவ்வொருவர் பையிலும்: பாய் அல்லது விரிப்பு, கொசுவலை, போர்வை, முழுக்கைப் பருத்தி உடை, மூடிய காலணி, தட்டு, டம்ளர், தண்ணீர்ப் புட்டி, டார்ச், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், சொந்த மருந்து, நோட்டு, பேனா. நகையும் விலையுயர்ந்த கைப்பேசியும் வீட்டிலேயே இருக்கட்டும்.

8. பழகும் முறை

- குழந்தைகளைப் பெற்றோர் சம்மதமில்லாமல் படம் எடுக்கக்கூடாது. சம்மதம் இருந்தாலும் முகம் தெரிய இணையத்தில் போட வேண்டாம். எந்த மாணவரும் ஒரு குழந்தையோடு தனி அறையில் இருக்கக்கூடாது. குழந்தைக்குத் தீங்கு நடப்பதாகத் தெரிந்தால் பொறுப்பாளரிடம் சொல்லி 1098ஐ அழையுங்கள்.
- கோயிலிலும் சாவடியிலும் ஊர்க் கட்டுப்பாடு என்ன என்று கேட்டபின் நுழையுங்கள். மலையூர்களில் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவது முறை.
- மது அறவே கூடாது. ஒருவர் குடித்தாலும் ஊர் ஐம்பது பேரையும் அப்படித்தான் பார்க்கும்.
- தனியாளுக்குப் பணமோ பழைய துணியோ கொடுக்காதீர்கள். கொடுக்க வேண்டியதை ஊர்ப் பொது அமைப்பு வழியாகக் கொடுங்கள்.
- கட்சி, மதப் பிரசாரம் முகாமுக்குள் வர இடம் தராதீர்கள்.

9. வெளிநாட்டு மாணவர்கள் சேர்ந்தால்

மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ தமிழ் மாணவர்கள் வருவார்கள். தமிழே தெரியாதவர்களும் வருவார்கள். இந்தியாவின் மின்-சுற்றுலா விசாவில் ஒரு மாதத்துக்கு மிகாத, ஊதியமோ கைம்மாறோ இல்லாத தன்னார்வப் பணிக்கு இடமுண்டு. விண்ணப்பிக்கும்போது நோக்கத்தை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் உரிய படிவம் மூலம் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். பள்ளியிலோ மண்டபத்திலோ தங்கினால் அந்தப் பொறுப்பு யாருடையது என்று முன்பே முடிவு செய்யுங்கள். அவர்கள் நன்கொடை திரட்டி வந்தால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு இல்லாத அமைப்பு அதை வாங்கக்கூடாது. டைபாய்டு, மஞ்சள் காமாலை, டெட்டனஸ் தடுப்பூசிகள் பற்றிப் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு வெளிநாட்டு மாணவருக்கும் ஓர் உள்ளூர் மாணவரைத் துணையாக விடுங்கள். அவர்கள் முன்னால் நின்று கற்பிக்க, ஊரார் உட்கார்ந்து கேட்கும் ஏற்பாடு வேண்டாம். சாமை புடைக்க ஓர் ஆயாவிடம் அரை நாள் கற்றுக்கொள்வது இரு பக்கத்துக்கும் மரியாதை.

10. ஒப்படைப்பு

அன்றாட அட்டவணை எளிது: காலையில் உடல் உழைப்பு, வெயில் ஏறியதும் ஓய்வு, பிற்பகலில் வீட்டுச் சந்திப்பு, மாலையில் குழந்தைகள், இரவில் அன்றைய வேலையை எடைபோடும் கூட்டம். கலைநிகழ்ச்சி ஒருநாள் போதும்; அதில் ஊரார் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பாதி நேரம் விடுங்கள்.

ஆறாம் நாள் மாலை ஊர்க்கூட்டம் கூட்டுங்கள். பாராட்டு உரைகளுக்கு முன், ஒரு மாணவர் எழுந்து மூன்று பட்டியல்களை வாசிக்கட்டும்: செய்தது, செய்ய முடியாமல் போனது, இனி யார் எதைப் பார்த்துக்கொள்வது. செலவுக் கணக்கையும் அங்கேயே வாசியுங்கள். ஊரார் திருத்தினால் திருத்தி எழுதி, ஒரு படியை ஊராட்சி அலுவலகத்திலும் இன்னொன்றை மகளிர் குழுவிடமும் கொடுங்கள். மூன்றாவது படி கல்லூரிக் கோப்புக்கு. அடுத்த ஆண்டு முதல் பயணம் போகும் அணி முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

கல்லூரி திரும்பி மூன்று மாதத்துக்குள் ஒருமுறை போய்வாருங்கள். மருந்துப் பட்டியலில் இருந்தவர்களுக்கு மருந்து வருகிறதா, வேலி நிற்கிறதா, குப்பை வண்டி வருகிறதா என்று பாருங்கள். அந்தப் பயணத்தில் இரண்டாமாண்டு மாணவர்கள் தங்களோடு முதலாமாண்டு மாணவர் இருவரைக் கட்டாயம் கூட்டிப்போய், வீடுவீடாக அறிமுகப்படுத்த வேண்டும். நீங்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவீர்கள்; ஊர் அங்கேயே இருக்கும். ஊராருக்குப் பெயர் சொல்லித் தெரிந்த முகம் ஒன்று ஒவ்வோர் ஆண்டும் உங்கள் கல்லூரியிலிருந்து வரவேண்டும். அதற்கு ஆள் தயாராகிவிட்டார் என்று உறுதியான பிறகே உங்கள் முகாம் முடிந்ததாகக் கணக்கு வையுங்கள்.